ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

"ஹாத் ஊப்பர்."

"கூமியே."

"ஹோ கயா."

கையைத் தூக்கு, திரும்பு, முடிந்தது. போர்ட் பிளேர் விமான நிலையத்தில் வைஜெயந்தி நாள் முழுக்கப் பேசுவது இந்த மூன்றும்தான்.

பெண்களைச் சோதனை போடும் திரைக்குள் நிற்பது அவள் வேலை. மூன்று பக்கமும் பழுப்புத் திரை, ஏறி நிற்க ஒரு மரப்பலகை, உலோகம் இருந்தால் கீச்சிடும் ஒரு கறுப்புக் கருவி. காலை முதல் விமானத்துக்கு ஆள் வர ஆரம்பித்தால் பிற்பகலில் கடைசி விமானம் கிளம்பும்வரை ஒருத்தி மாற்றி ஒருத்தி பலகையில் ஏறி நின்றுகொண்டே இருப்பார்கள். முழங்கைவரை மருதாணி போட்ட புதுப்பெண்கள், கடலில் குளித்த தலையை அலசாமலேயே வந்துவிட்டவர்கள், மெயின்லேண்டுக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள். எல்லோருடைய தோளையும் முதுகையும் இடுப்பையும் அவள் கை தொடும். அவர்களில் ஒருத்திகூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பெல்ட்டில் தங்கள் கைப்பை வந்துவிட்டதா, வேறு யாராவது எடுத்துவிட்டார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பதிலேயே அவர்கள் குறியாக இருப்பார்கள். நியாயம்தான். வாசல் காவல்காரனை யார் முகம் பார்த்தார்கள்?

அம்பாசமுத்திரத்துப் பக்கம் பிறந்தவள். பாதுகாப்புப் படையில் சேர்ந்த பிறகு எத்தனையோ ஊர்களில் நின்றுவிட்டாள். வாசலில் டிக்கெட்டையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஓடுபாதை வேலியோரம் வெயிலில் நடந்திருக்கிறாள். கேட்பாரற்றுக் கிடந்த பையைச் சுற்றிக் கயிறு கட்டி, வெடிகுண்டு ஆட்கள் வரும்வரை யாரையும் அண்டவிடாமல் நின்றிருக்கிறாள். அதில் கடைசியில் குழந்தையின் பால்புட்டியும் துண்டும் இருந்தன. எல்லா ஊரிலும் ஒன்றுதான்: மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள், அவள் வழியனுப்பாமல் அனுப்பிவைப்பாள்.

இந்தத் தீவுக்கு வந்தபின் அந்தத் தனிமையும் கூடிப்போயிற்று. கடைசி விமானம் போனதும் அந்தப் பெரிய கட்டடமே வெறிச்சென்று ஆகிவிடும். குடியிருப்பு அறையில் கூட இருந்த ஹரியானாக்காரி மாற்றலாகிப் போய்விட்டாள். அவள் கட்டில் சுருட்டிய மெத்தையோடு அப்படியே கிடந்தது. ஊரிலிருந்து அண்ணன் பேசுவான். "சாப்ட்டியா?" என்பான். "சாப்ட்டேன்" என்பாள். "மழையா?" "மழைதான்." "சரி, வைக்கட்டா?" வைத்துவிடுவான்.

அவளுக்கென்று இருந்தது செல்லம் ஒருத்திதான்.

செல்லம் நிலையத்தில் தரை துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. ஷாதிபூர்க்காரி, இதே தீவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய பாட்டனாரின் அப்பாவை வெள்ளைக்காரன் மதுரைப் பக்கமிருந்து கைதியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தான். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கடலைத் தாண்டிப் போய்ச் சேர வேறு ஊர் என்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. தமிழும் இந்தியும் அவள் வாயில் ஒரே குழம்பாகக் கொதிக்கும். புருஷன் இல்லை. மகன் பாலகுமார் சென்னையில் வேலையாக இருந்தான்.

வேலைக்காரர்களும் தினமும் சோதனை முடிந்துதான் உள்ளே போக வேண்டும். ஸ்டாஃப் கேட்டில் பெண்களுக்கு இரண்டு திரைகள். பயணிகள் வருமுன் அதிகாலையில் ஒன்றில் வைஜெயந்தி நிற்பாள், மற்றதில் ஒரு அசாம் பெண். அசாம் பெண்ணின் பக்கம் வரிசையே இல்லாவிட்டாலும் செல்லம் இந்தப் பக்கம்தான் வந்து நிற்பாள்.

"ஹாத் ஊப்பர்."

"அரே, கையைத் தூக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி சாப்ட்டியான்னு கேக்க மாட்டியா? யே கைசா டியூட்டி?"

"சாப்ட்டாச்சுக்கா. மெஸ்ல சப்பாத்தி."

"காலங்காத்தால சப்பாத்தியா? சச்சி, உன் வயிறா, செருப்புக் கடையா?"

"எங்க ஊரு வயித்துக்கு இடியாப்பம்தான் கேக்கும். இங்க யாரு தாராவ?"

மறுநாள் ஒரு டப்பா எக்ஸ்ரே பெல்ட்டில் ஊர்ந்து வந்தது. "உன் மெஷின் உள்ள எத்தனை இடியாப்பம்னு எண்ணிடுச்சா? ஒண்ணு குறைஞ்சாலும் அந்தத் திரை பாக்குற ஆளைத்தான் பிடிப்பேன்" என்று சொல்லிக்கொண்டே செல்லம் பலகையில் ஏறினாள்.

சோதனை முடிந்தாலும் உடனே இறங்கமாட்டாள். அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது.

"இப்போ உன் முறை. ஹாத் ஊப்பர்."

"யக்கா, வெளிய ஆளு நிக்காவ."

"நிக்கட்டும். நீ எல்லாரையும் பாக்குற, உன்னை யார் பாக்கிறது?"

வைஜெயந்தி கையை விலாவிலிருந்து கொஞ்சமாக விலக்குவாள். செல்லத்தின் பினாயில் மணக்கிற கைகள் அவள் தோளைத் தட்டும், முதுகைத் தடவும், சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டும்.

"இதுல என்ன?"

"பேனா."

"மனசுல?"

"ஒண்ணுமில்ல."

"ஜூட்டி, பொய் சொல்றே. சலோ, ஹோ கயா."

எல்லாம் இமைக்கிற நேரந்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க அவளைத் தொட்ட கை அது ஒன்றுதான். வேறு எந்த மனிதக் கையும் அவள் மேல் பட்டதில்லை.

மழைக்காலத் தொடக்கத்தில் செல்லம் சென்னைக்குப் போனாள். நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் என்றாள்.

"கல்யாணத்துக்கு எதுக்குக்கா இம்புட்டு நாள் லீவு?"

"மெயின்லேண்ட் போனா சும்மா வர முடியுமா? மகனைப் பாக்கணும், கோயில் பாக்கணும். ஏன், நான் இல்லாம உன் டியூட்டி நடக்காதா?"

"நடக்கும், நடக்கும். போய்ட்டு வாங்க."

நடந்தது. இரண்டு மாதம் நடந்தது. அந்த இரண்டு மாதமும் வைஜெயந்தி மூன்று வாக்கியங்களிலேயே குடித்தனம் நடத்தினாள். செல்லத்தின் போன் அணைந்தே கிடந்தது. லீவு நாட்களில் பஸ் ஏறி சாத்தம் படகுத்துறைவரை போய், பாம்பூஃபிளாட் படகு ஆட்களை இறக்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே யாரும் யாரையும் சோதனை போடவில்லை. அவரவர் பாட்டுக்கு மீன்கூடையும் சைக்கிளுமாக ஏறினார்கள். அவளுக்குக் கை சும்மா இருக்கத் தெரியாமல் கைப்பையின் பட்டையைப் பற்றிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் நிலையத்தில் டம்மி பேச்சு அடிபட்டது.

டம்மி என்றால் பரீட்சை. மேலிடத்து ஆட்கள் யாரையாவது சாதாரணப் பயணி போலவோ வேலைக்காரர் போலவோ அனுப்புவார்கள். உடம்பிலோ பையிலோ பொய்வெடி, பொய்த்துப்பாக்கி என்று எதையாவது மறைத்து வைத்திருப்பார்கள். காவலில் நிற்பவர் கண்டுபிடிக்க வேண்டும். விட்டுவிட்டால் தொலைந்தது.

வைஜெயந்தி ஒருமுறை விட்டிருக்கிறாள். முந்தைய ஊரில் அது நடந்தது. நெற்றி நிறையப் பொட்டு வைத்த ஒரு அம்மாள், இடுப்பில் ஒரு பொட்டலம். "என்னம்மா இது?" என்று கேட்டாள். "கோயில் குங்குமம் தாயீ, தீட்டுப் படாம மடியில வச்சிருக்கேன்" என்றாள் அந்த அம்மாள். முகத்தில் அப்படி ஒரு சாந்தம். வைஜெயந்தி கையை எடுத்துக்கொண்டாள். பொட்டலத்துக்குள் களிமண்ணும் கம்பியும் இருந்தன. எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்கள். பதவி உயர்வு போயிற்று, சம்பளத்தில் கைவைத்தார்கள், பிறகு இந்தத் தீவு. அன்றைக்கு ஒரு மூத்த அதிகாரி அவளிடம் சொன்னது மட்டும் காதிலேயே தங்கிவிட்டது: "கையில் பட்டுவிட்டால் அவளிடம் ஏன் பதில் கேட்கிறாய்? பொய் சொல்லத்தானே வந்திருக்கிறாள்? கேட்காதே. கூப்பிடு."

"இந்த வாரம் நிச்சயமாம். வேலைக்காரர்களில் யாரையோ தயார் செய்திருக்கிறார்களாம்" என்றாள் அசாம் பெண், இந்தியில்.

"யாரு சொன்னா?"

"எல்லோரும்தான் சொல்கிறார்கள்."

"யாரை?"

"அதைச் சொல்லிவிட்டா அனுப்புவார்கள்?"

அடுத்த நாள் காலையில் செல்லம் வந்தாள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. வரிசையில் அந்தத் தலையைப் பார்த்ததுமே வைஜெயந்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முன்னால் நின்ற பெண்ணைச் சீக்கிரம் பார்த்து அனுப்பினாள். செல்லம் உள்ளே வந்து பலகையில் ஏறினாள். மெலிந்திருந்தாள். முந்தானையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருந்தாள்.

"யக்கா! எப்ப வந்திய? ஒரு போன் உண்டா? செத்தேனா இருக்கேனான்னு ஒரு வார்த்த உண்டா?"

"நேத்து. கப்பல்ல."

"கல்யாணம் நல்லபடியா நடந்திச்சா?"

"ம்."

"என்ன ம்? பொண்ணு அழுதாளா, மாப்ள அழுதானா? சொல்லுங்க."

செல்லம் சிரிக்கவில்லை. திரைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. வலது கையைத் தூக்கினாள். இடது கை தோள் மட்டத்துக்குமேல் ஏறவில்லை.

"வைஜூ..."

வைஜெயந்தியின் கைகள் அதற்குள் தம் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்திருந்தன. தோள், முதுகு, விலா. இடது மார்பின் கீழ் புறங்கை பட்டதும் நின்றது.

அது உடம்பு இல்லை. துணி. துணிக்குள் கனமாக, நறநறவென்று, மணல் மாதிரி ஏதோ ஒன்று.

டம்மி. இவளையா அனுப்பினார்கள்? இவளைத்தான் அனுப்புவார்கள். இவளென்றால் நான் கை வைக்க மாட்டேன் என்று யாரோ பார்த்து வைத்திருக்கிறான். இந்தக் கையை என்னிடமே தூக்கிக் காட்ட உனக்கு எப்படியக்கா மனசு வந்தது?

"வைஜூ, அது வந்து..."

கோயில் குங்குமம் தாயீ.

"பேசாதீங்க" என்றாள் வைஜெயந்தி. அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. "அசையாதீங்க. கைய எறக்காதீங்க."

"அரே, நான் சொல்றதை..."

"மேடம்!" என்று கத்தினாள். "மேடம்! இங்க வாங்க!"

அப்புறம் எல்லாம் விதிப்படி நடந்தது. துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து திரைக்கு வெளியே நின்றார்கள். "பீச்சே! ஸப் பீச்சே!" என்று வரிசையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பெண் சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். "கோலோ" என்றார். செல்லம் முந்தானையை விலக்கி, ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவசரப்படவில்லை. உள்ளே கையை விட்டு ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினாள்.

உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. பழைய ரவிக்கைத் துணியில் பொடிப்பொடித் தையலாகப் போட்டு மூடியிருந்தது.

அது இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒரு நீளத் தழும்பு மட்டும், இன்னும் சிவப்பாக, அக்குள்வரை ஓடியது. ஒரு கணந்தான். செல்லம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு நிமிஷம் தயங்கினார். ஆனால் பொருள் கைக்கு வந்துவிட்டால் அதை மெஷினில் போட்டாக வேண்டும். திரைக்கு வெளியே கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்தார். செருப்பும் பெல்ட்டும் பயணம் போகிற பெல்ட்டில், விமானக் கம்பெனிப் பெண்கள், காப்பிக்கடைப் பையன்கள், துடைப்பக்காரர்கள், அவர்களின் மேற்பார்வையாளர் குணா என்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பை தட்டில் தனியாக ஊர்ந்து போயிற்று. மெஷின் திரையில் ஒரு ஆரஞ்சு நிற வட்டம் விழுந்தது.

"க்யா ஹை யே?" என்றான் மெஷின் முன் உட்கார்ந்திருந்தவன்.

"ஸர்ஸோன்" என்று திரைக்குள்ளிருந்து செல்லத்தின் குரல் கேட்டது. எல்லோருக்கும் கேட்கிறமாதிரிதான் சொன்னாள். "ஸர்ஸோன், சாப். கடுகு. வெடிக்கிற சாமான்தான். ஆனா எண்ணெயில போட்டாத்தான் வெடிக்கும்."

துப்பாக்கிக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் என்னவென்று புரிந்து, தரையைப் பார்த்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் பையைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் செல்லத்திடம் கொடுத்தார். "மாஃப் கர்னா" என்று மெதுவாக மன்னிப்புக் கேட்டார். செல்லம் திரும்பி நின்று அதை உள்ளே வைத்து, கொக்கிகளைப் போட்டாள். இடது கை ஒத்துழைக்கவில்லை. வைஜெயந்தி உதவிக்குக் கையை நீட்டினாள்.

"வேணாம்."

"யக்கா, நான்..."

"கேட்டிருக்கலாமேடி" என்றாள் செல்லம். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பலகையிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். வைஜெயந்தி அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே அடுத்தவள் இருமினாள்.

பிற்பகலில் சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். "பிடித்தது சரி. தெரிந்த ஆள் என்று விடவில்லை, அதுவும் சரி" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "பக்கத்தில் ஒரு தனி அறை இருக்கிறதே, கதவு போட்டது. உடம்பில் ஏதாவது இருந்தால் அங்கே கூட்டிப்போய் விசாரித்துப் பார்க்கத்தான் அது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும், மேடம்."

"நானும் அங்கே போயிருக்க வேண்டும். நீ கத்திய கத்தலில் எனக்கும் புத்தி போய்விட்டது." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரி, போ."

டம்மி அந்த வாரம் வரவேயில்லை.

செல்லத்தை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதுதான் கொடுமையாகப் போயிற்று. எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அவள் கையிலிருந்த வாளியைக் குணா வாங்கி வைத்தான். "இனிமே நீங்க குனிய வேணாம் அக்கா" என்று பெண்கள் கழிப்பறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தான். டிஷ்யூ எடுத்துக் கொடுத்தால் போதும். போகிற வருகிற வேலைக்காரிகள் அவள் பக்கத்தில் வந்ததும் குரலைத் தணித்தார்கள். தரையைக் கண்ணாடிபோல் முகம் தெரியத் துடைத்துக்கொண்டே அத்தனை பேரையும் வம்புக்கு இழுத்த செல்லம், மடியில் டிஷ்யூ பெட்டியை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வைஜெயந்தி தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் தூரத்திலிருந்து பார்த்தாள். பக்கத்தில் போக அவளுக்குத் துணிவு வரவில்லை.

காலையில் செல்லம் அசாம் பெண்ணின் வரிசையில் நின்றாள். இந்தப் பக்கம் ஆளே இல்லாவிட்டாலும் அங்கேதான். திரைக்கு அப்பால் "ஹாத் ஊப்பர்" கேட்கும், "கூமியே" கேட்கும். பதில் ஒன்றும் கேட்காது.

லீவு நாளில் வைஜெயந்தி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஷாதிபூருக்குப் போனாள். மழை. மேட்டில் ஏறுகிற படிக்கட்டில் தண்ணீர் கீழே ஓடி வந்தது. தகரக்கூரை போட்ட பலகை வீடு. செல்லம் கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை. வைஜெயந்தி இறவாணத்தின் கீழே, பாதி நனைந்தும் நனையாமலும் நின்றாள்.

"யக்கா, மன்னிச்சிருங்க."

"எதுக்கு? உன் ரூல் அது. நீ சரியாத்தான் செஞ்சே. அந்த மேடமே சொன்னாங்களாமே."

"டம்மி வருதுன்னு சொன்னாவ. வேலைக்காரங்கள்ல ஒருத்தர அனுப்புதாவன்னு. நான் ஒங்களத்தான் டம்மின்னு..."

செல்லம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். சட்டென்று ஒரு சிரிப்பு வந்து அப்படியே காய்ந்துபோயிற்று.

"அதுவும் சரிதான். ஒரு பக்கம் டம்மிதானே."

"அப்படிச் சொல்லாதிய."

"ஏன், நீ செய்யலாம், நான் சொல்லக் கூடாதா?" கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "கல்யாணம் எல்லாம் இல்ல. ஆபரேஷன். பாலகுமார் கூட இருந்தான். இங்கேயே இரும்மான்னு அழுதான். அவன் வீட்டுல உக்காந்து நான் என்ன பண்றது? ஆஸ்பத்திரியில பஞ்சுல ஒண்ணு கொடுத்தாங்க. குனிஞ்சா கழுத்துக்கு ஏறி வந்துடுது. துடைக்கிறவளுக்குக் குனியாம வேலை ஏது? அதான் கனமா இருக்கட்டும்னு கடுகு போட்டு நானே தெச்சேன். மத்லப், யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியும். இப்போ பாக்குறியே, நாற்காலி."

"எனக்குச் சொல்லியிருக்கலாமேக்கா, போன்ல..."

"உனக்குச் சொல்லத்தான் வந்தேன்!" முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "ஊருக்கெல்லாம் மறைக்கலாம், அந்தப் பொண்ணு கைக்கு எப்படி மறைக்கிறது? சொல்லிடணும். திரைக்குள்ள வச்சு, அவளுக்கு மட்டும். கப்பல் முழுக்க அதே யோசனை. வைஜூ, இங்க பாரு, பயப்படாதே, இது இன்னதுன்னு, வாந்தி எடுக்கிற சனங்களுக்கு நடுவுல படுத்துக்கிட்டு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சிரிச்சுக்கிட்டே சொல்லணும்னு நெனச்சேன். அங்க வந்து நின்னா வாய் வரல. வந்தப்போ நீ பேசாதேன்னுட்டே."

மழை தகரத்தில் அடித்தது. வைஜெயந்தி வாழைப்பழத்தை நீட்டினாள். குங்குமக்காரியின் கதையைச் சொல்லலாம். சொன்னால் அது இவளையும் அவளையும் ஒரே தட்டில் வைத்ததாக ஆகும். ஏற்கெனவே ஒரு தட்டில் வைத்தாயிற்று.

"ரூல் சரி வைஜூ" என்றாள் செல்லம், அலுத்துப்போன குரலில். "ஆனா நான் ரூலுக்கா இடியாப்பம் கொண்டு வந்தேன்?"

பழத்தை வாங்கிக்கொண்டாள். வீடு தேடி வந்தவள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். "மழை வலுக்குது. கடைசி பஸ்ஸை விட்டுடாதே" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அதன் பிறகு வைஜெயந்தி திரைக்குள் ஒரு புது வாக்கியம் சேர்த்துக்கொண்டாள். கையில் ஏதாவது பட்டால் கருவியைத் தாழ்த்தி, "யே க்யா ஹை?" என்று மெதுவாகக் கேட்டாள். பதில் எதுவானாலும், "அந்த அறைக்கு வாங்க, கதவு இருக்கு" என்று கூட்டிப்போய்ப் பார்த்தாள். இடுப்புப் பட்டை, குழந்தை பெற்றவளின் வயிற்றுக்கட்டு, மாமியாருக்குத் தெரியாமல் மடியில் முடிந்த நகை. ஒவ்வொருத்தியும் முதலில் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு சொன்னாள். வரிசை கொஞ்சம் தாமதமாயிற்று. "ஜல்தி கரோ" என்று வெளியே சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று விட்டாள்.

இதெல்லாம் செல்லத்துக்குத் தெரியுமோ தெரியாதோ. கழிப்பறை வாசலுக்கு எல்லாப் பேச்சும் வந்து சேரும் என்பார்கள்.

பிஹு பண்டிகைக்கு அசாம் பெண் லீவில் போனாள். ஸ்டாஃப் கேட்டில் ஒரு திரைதான் திறந்திருந்தது.

வைஜெயந்தி முந்தின நாளே அதை நினைத்துத் தூங்கவில்லை. செல்லம் வராமலே இருந்துவிடுவாளோ, லீவு போட்டுவிடுவாளோ என்று பார்த்தாள். வந்தாள். வரிசையின் கடைசியில் நின்றாள். பின்னால் வந்தவர்களை "நீ போ, நீ போ" என்று முன்னால் விட்டாள். கடைசியில் அவள் மட்டும்தான் மிச்சம்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து பலகையில் ஏறினாள். வலது கையைத் தூக்கினாள். இடது கை இப்போது காதுவரை ஏறியது.

வைஜெயந்தி அருகில் வந்தாள். அந்த மூன்று வாக்கியங்களில் முதலாவதுகூட வரவில்லை. கை தோளில் தொடங்கியது, முதுகுக்குப் போயிற்று, விலாவுக்கு வந்தது. புறங்கையை அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திக்கொண்டாள். படவில்லை. விட்டுவிடலாம். எல்லோருக்கும் தெரிந்ததுதானே. யார் கேட்கப்போகிறார்கள்?

"என்ன, விடப் போறியா?" என்றாள் செல்லம். எதிரே இருந்த திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இல்லக்கா..."

"அப்போ பாரு. என்னை மட்டும் பாக்காம விட்டா அதுவும் நாற்காலி போட்ட மாதிரிதான்."

வைஜெயந்தி புறங்கையை வைத்தாள். துணி. துணிக்குள் நறநறப்பு. ஆனால் அன்றைக்குப் பட்ட அது இல்லை, இது இன்னும் சன்னமாக இருந்தது.

"கேளு" என்றாள் செல்லம்.

"என்னக்கா?"

"அன்னிக்குக் கேக்காததைக் கேளு."

வெளியே எக்ஸ்ரே பெல்ட் காலியாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது?" என்றாள் வைஜெயந்தி.

"எள்ளு" என்றாள் செல்லம். "கடுகு வேர்வைக்கு எரியுது. எள்ளு பரவாயில்ல, ஏக்தம் மெத்துனு இருக்கு. குணா கிட்ட நேத்து சண்டை போட்டேன். வாளியைத் திருப்பிக் குடுத்துட்டான்."

"நல்லதுக்கா."

"நல்லதா, கெட்டதா, என் வாளி அது."

"ஹோ கயா" என்றாள் வைஜெயந்தி.

செல்லம் உடனே இறங்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம், பழைய நாட்களில் அவள் இறங்காமல் நின்ற அதே நேரம், பலகையில் நின்றாள். பினாயில் வாசனை இருந்தது. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பலகையிலிருந்து மெல்ல இறங்கி, திரையை விலக்கிக்கொண்டு போனாள். வெளியே வைத்திருந்த வாளியின் கைப்பிடி கிணுகிணுத்துக்கொண்டே தூரமாயிற்று.

வைஜெயந்தி குனிந்து பார்த்தாள். அவள் இரண்டு கைகளும் விலாவிலிருந்து கொஞ்சம் விலகி, தூக்கினபடியே நின்றிருந்தன. மெதுவாக இறக்கிக்கொண்டாள். வெளியே யாரோ புதிதாக வந்து நிற்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"அடுத்தவங்க வாங்க" என்றாள், தன்னையறியாமல் தமிழில்.